ஊர்த் தெருவிலிருந்து அரசு மன்றம் வரை

(இளம் இதழாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

பிசிர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரினராகிய ஆந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பியின் அவைக்கண் நின்று, குடிகளிடம் இறை பெறும் முறை இன்னதென்று அறிவுறுத்தினார். அதற்கு அவர் பெருநூல்களை எடுத்துக் காட்டினாரல்லர். யானை புகுந்த வயலைக் காட்டினார். ஊரிற் கண்டதைக் கொண்டு நாட்டுக்கு உரைத்தார். ஓர் அரசின் வரிக்கொள்கை ஓர் உழவனின் வரப்பில் என்னவாக முடிகின்றது என்பதை வரப்பில் நின்றவரே சொல்ல வல்லார். செய்தித்தாள் என்னும் ஒன்று தோன்றுதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே, இதழாளனின் கடமை யாதென்று புலவர் ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

இன்று இத்துறைக்கு வரும் இளைஞர் பலர், ஊர்ச் செய்தியை ஏணியின் அடிப்படியாக எண்ணுகின்றனர். குடிநீர்க் குழாய் உடைந்தது, பள்ளிக் கூரை ஒழுகுகின்றது, மருத்துவமனையில் மருந்து இல்லை என்று எழுதுவது தொடக்கத்தார் வேலையாம். தலைநகரில் அமர்ந்து வரவுசெலவுத் திட்டத்தையும் அயல்நாட்டு உறவையும் எழுதுவதே பெரியோர் வேலையாம். மேலே ஏறியபின் ஏணியை உதைத்துத் தள்ளிவிடலாம் என்பது இக்கருத்தின் உள்ளுறை. இது சரியா, பிழையா? இவ்வினாவுக்கு ஒரு மாந்தரின் வாழ்க்கையே விடையாக நிற்கின்றது. அவர் வடஇங்கிலாந்தின் சிறுநகர் இதழொன்றில் தொடங்கி, வல்லரசொன்றின் சட்டத்தையே மாற்றுவித்தவர். அவர் பெற்ற வெற்றியிலும் பாடம் உண்டு. செய்த பிழையிலும் பாடம் உண்டு. அவர் பெயர் வில்லியம் தாமசு இசுடெட்டு.

கணக்கர் மேசையில்

இசுடெட்டு 1849 சூலை 5ஆம் நாள், நார்த்தம்பர்லாந்துப் பகுதியின் எம்பிள்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கிறித்துவத் திருச்சபை ஒன்றின் சமய ஆசான், செல்வர் அல்லர். தைன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிள்ளை வளர்ந்தான். எழுத்தும் மொழியும் தந்தையாரே கற்பித்தார். பள்ளியில் இருந்தது இரண்டாண்டுகளே. பதினான்காம் அகவையில் நியூகாசில் நகரின் துறைமுகத் தெருவில் வாணிகர் ஒருவரின் கணக்கு மேசைக்கு அனுப்பப்பெற்றார். பல்கலைக்கழகப் படிகளை அவர் மிதித்தாரில்லை.

ஆனால், கணக்கு மேசை அவருக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. எண் ஒன்று பிழைத்தால் ஏடு முழுதும் பிழைக்கும் என்பதே அது. அந்நகரத்துத் தெருக்கள் மற்றொன்றைக் கற்றுக் கொடுத்தன. நிலக்கரியும் இரும்பும் ஏற்றிச் செல்லும் கப்பல்களின் நிழலில், பசித்த குழந்தைகளும் வேலையற்ற ஆடவரும் கிடந்தனர். செல்வம் செல்லும் வழியும் வறுமை கிடக்கும் இடமும் ஒரே தெருவாக இருந்ததை இளைஞர் கண்டார். கண்டதை எழுதத் தொடங்கினார்.

1870 சனவரி முதல் நாள், தார்லிங்டன் நகரில் 'நார்தர்ன் எக்கோ' என்னும் காலை நாளிதழ் பிறந்தது. 'வடபுல எதிரொலி' என்பது அப்பெயரின் பொருள். விலை அரைப் பென்னி. அந்நாளில் அவ்வளவு குறைந்த விலைக்குக் காலை இதழ் தருவது புதுமை. அவ்விதழுக்கு இசுடெட்டு கட்டுரைகள் விடுத்தார். கூலி ஒரு காசும் பெற்றாரல்லர். ஓராண்டு கழிந்தது. 1871இல் இதழின் ஆசிரியப் பொறுப்பே அவரைத் தேடி வந்தது. அகவை இருபத்திரண்டு கூட நிறையவில்லை; செய்தித்தாள் அலுவலகத்தில் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை! இலீட்சு நகருக்குச் சென்று, மூத்த இதழாசிரியர் ஒருவரைக் கண்டு தொழில் நுணுக்கம் கேட்டறிந்து திரும்பினார்; பொறுப்பை ஏற்றார். தீமையை எதிர்த்துப் போரிடத் தமக்குக் கிட்டிய படைக்கலமாகவே அவர் அவ்வாய்ப்பைக் கருதினார்.

தார்லிங்டன் தந்த ஒன்பதாண்டு

தார்லிங்டன் பெருநகர் அன்று. ஆயினும் தொடர்வண்டி வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. நீராவிப் பொறி இழுத்த பொதுத் தொடர்வண்டிப் பாதைகளுள் முதலாவது 1825இல் அவ்வூர் வழியே ஓடிற்று. நள்ளிரவில் அச்சான இதழ், விடியற்காலை வண்டிகளில் ஏறி, வடக்கேயும் தெற்கேயும் சுரங்க ஊர்களுக்கும் துறைமுகங்களுக்கும் சென்றது. சிற்றூர் இதழாயினும் அதன் செவியும் வாயும் நெடுந்தொலைவு நீண்டன.

அங்கு ஆசிரியர் பார்த்த வேலை யாது? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூலிச் சிக்கல்; 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியே ஊர்தோறும் தோன்றிய பள்ளிக் குழுக்களின் தேர்தல்; வழக்கு மன்றச் செய்தி; சந்தை விலை; ஊர் மன்றத்துப் பூசல். இவற்றோடு நாட்டு அரசியலும் வந்தது. ஊருக்கு வெளியே குடியிருந்த ஆசிரியர், மட்டக் குதிரை ஏறி அலுவலகம் வருவார். குதிரையைக் கட்டிய கல் இன்றும் அந்நகரில் நினைவுக் கல்லாக நிற்கின்றது. ஊர் அவரைக் கண்டது. அவர் ஊரைக் கண்டார்.

அன்பர்களே! இங்கேதான் ஒரு நுட்பம் உளது. சிற்றூர் இதழில் எழுதுவோன், தான் எழுதியவற்றுக்கு மறுநாளே விடை கூறக் கடமைப்பட்டவன். சுரங்கத்தில் இறந்தோன் பெயரைப் பிழையாக எழுதினால், அவன் உடன்பிறந்தான் அலுவலக வாயிலில் வந்து நிற்பான். ஒருவரைப் பழித்து எழுதினால், அவரைச் சந்தையில் நேருக்கு நேர் காண நேரும். அச்சம் தருவது இது; ஆனால் மெய்யைக் காப்பதும் இதுவே. எழுதுவோனுக்கும் எழுதப்படுவோனுக்கும் இடையே ஒரு தெருவின் அகலமே உள்ளபோது, பொய் நெடுநாள் வாழாது.

இவ்வூர்ப் பயிற்சி நாட்டுக் கொள்கையைத் தொட்டது 1876ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஏப்பிரலில் பல்கேரிய மக்கள் துருக்கிப் பேரரசை எதிர்த்து எழுந்தனர். எழுச்சி குருதியில் அடக்கப்பெற்றது. பாதாக்கு முதலிய ஊர்களில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். உருசியாவுக்கு எதிரான அரணாகத் துருக்கியைத் தாங்கி நிற்பது அன்றைய ஆங்கில அரசின் கொள்கை. ஆகலின் தலைமையமைச்சர் திசுரேலி அச்செய்திகளைப் பெரிதாகக் கொண்டாரல்லர். ஆயின், மெக்ககான் என்னும் செய்தியாளர் அவ்வூர்களுக்கே சென்று, எலும்புக் குவியல்களைக் கண்ணாற் கண்டு, இலண்டன் இதழொன்றில் எழுதினார். சென்று கண்டவர் எழுதியதை மறுக்க இயலவில்லை.

அப்பொழுது தார்லிங்டன் ஆசிரியர் செய்தது என்ன? கண்டவர் சொல்லைத் தம் இதழில் எடுத்து நாள்தோறும் முழங்கினார். அத்துடன் அமைந்தாரில்லை. ஊர்த் தலைவர்க்கும் சமய ஆசான்மார்க்கும் மடல் விடுத்து, ஊர்தோறும் கூட்டம் கூட்டத் தூண்டினார். கிளாடுசுட்டன் 1876 செப்தம்பர் 6ஆம் நாள் பல்கேரியக் கொடுமை பற்றிய தம் சிறு நூலை வெளியிட்டு நாட்டையே கிளர்ந்தெழச் செய்தார். அதற்கு முன்னரே வடபுலத்துக் கூட்டங்கள் தொடங்கிவிட்டன! கிளாடுசுட்டனே அவ்விதழின் பணியைப் பாராட்டினார். 1877இல் உருசியாவும் துருக்கியும் பொருதபோது, ஆங்கில அரசு துருக்கியின் பக்கம் நின்று போரில் இறங்கவில்லை. அரைப் பென்னி இதழும் ஊர்க்கூட்டங்களும் ஊட்டிய அறச்சினத்துக்கு அதில் பங்கு உண்டு.

தலைநகரில்

1880இல் தாராளக் கட்சியினர் ஆட்சிக்கு வந்தனர். இலண்டனில் 'பால் மால் கெசட்டு' என்னும் மாலை நாளிதழ், சான் மோர்லி என்னும் அறிஞரின் ஆசிரியப் பொறுப்பில் அக்கட்சிச் சார்பாக மாறிற்று. அவருக்குத் துணையாசிரியராக வருமாறு இசுடெட்டுக்கு அழைப்பு வந்தது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் தலைநகர் புகுந்தார். 1883இல் மோர்லி பாராளுமன்றம் செல்ல, இசுடெட்டே ஆசிரியரானார்.

அவ்விதழின் படிகள் மிகுதியல்ல. ஆனால் அமைச்சரும் பாராளுமன்ற உறுப்பினரும் மாலைதோறும் கையிலெடுத்த இதழ் அது. அதற்கு வடபுலத்துப் பேச்சுநடையை அவர் கொணர்ந்தார். நீண்ட பத்திகளுக்கு இடையே சிறு தலைப்புகள் இட்டார்; நிலப்படங்களும் வரைபடங்களும் சேர்த்தார். பெரியோரை நேரிற் கண்டு வினவி, வினாவும் விடையுமாக வெளியிடும் செவ்வி முறையை ஆங்கில நாட்டிதழ்களில் நிலைநாட்டியவருள் அவர் தலையாயவர்.

1883 அக்தோபரில், இலண்டன் சேரிகளின் அவலத்தைக் கூறும் சிறு வெளியீடு ஒன்றைச் சமயத் தொண்டர் ஆந்திரூ மியர்ன்சு வெளிக்கொணர்ந்தார். ஒரே அறையில் ஒரு குடும்பம். சில இடங்களில் இரு குடும்பம். நிலவறையில் மாந்தரும் பன்றியும் ஒருங்கே! அவ்வெளியீட்டின் சுருக்கத்தை இசுடெட்டு தம் இதழில் இட்டு, நாள்தோறும் அதன்மீது எழுதினார். குடியிருப்புச் சிக்கல் சேரியிலிருந்து அமைச்சரவைக்கு ஏறிற்று. 1884இல் தொழிலாளர் குடியிருப்பு பற்றி ஆய்வதற்கு அரசர் ஆணைக்குழு ஒன்று அமர்த்தப்பெற்றது. 1885இல் சட்டமும் வந்தது. ஒழுகும் கூரை ஒன்றே சட்டத்துக்கு விதையானது என்பதைக் காண்க!

1884 செப்தம்பரில் கடற்படையின் நிலை பற்றி எழுதினார். எத்தனை கப்பல், எத்தனை பீரங்கி, பிற நாட்டாரிடம் எத்தனை என்று எண்ணி எண்ணி எழுதினார். கணக்கர் மேசையிற் பெற்ற பயிற்சி அங்கு உதவியது. கடற்படைக்குள்ளிருந்த பிசர் முதலியோர் மறைவாகச் செய்தி உதவினர். அரசு 30 இலக்கம் பவுண்டுக்கும் மேற்பட்ட கூடுதல் தொகையை ஒதுக்க நேர்ந்தது. படைக்கலப் போட்டிக்கு நெய் வார்த்தார் என்று இதனைக் குறை கூறுவாரும் உளர். அக்குறை பொருளற்றதன்று. ஆனால் அவர் எண்களை எவரும் எளிதில் மறுக்க இயலவில்லை என்பது மட்டும் உறுதி.

கார்த்தூம் தந்த பாடம்

வெற்றியை மட்டும் கூறி நிறுத்தினால் அது புகழ்ச்சியுரையாகும், பாடமாகாது. அதே 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறல் வேண்டும்.

சூடானில் மகுதி என்பாரின் தலைமையில் பேரெழுச்சி மூண்டிருந்தது. 1883 நவம்பரில் இக்சு என்னும் ஆங்கிலத் தளபதியின் கீழ்ச் சென்ற எகிப்தியப் படை அடியோடு அழிந்தது. எகிப்தைத் தன் பிடியில் வைத்திருந்த ஆங்கில அரசு, சூடானை விட்டு வெளியேறுவதே நன்று என்று முடிவு செய்தது. அவ்வேளையில் தளபதி கார்டன் சௌத்தாம்டனில் தம் தமக்கையார் இல்லத்திற்கு வந்திருந்தார். இசுடெட்டு தொடர்வண்டி ஏறிச் சென்று அவரைக் கண்டு செவ்வி கொண்டார். 1884 சனவரி 9ஆம் நாள் அது வெளிவந்தது. கார்த்தூமைக் கைவிடலாகாது என்பது கார்டனின் கருத்து. கார்டனையே அனுப்புக என்பது இதழின் முழக்கம். பிற இதழ்களும் உடன் முழங்கின. சனவரி 18ஆம் நாள் கார்டன் புறப்பட்டுவிட்டார். ஒன்பதே நாளில் ஓர் அரசின் கொள்கையை ஓர் இதழ் அசைத்தது!

அதன் விளைவு? கார்டன் பிப்பிரவரி 18இல் கார்த்தூம் அடைந்தார். மார்ச்சில் முற்றுகை தொடங்கியது. வெளியேற்ற அனுப்பப்பெற்றவர் வெளியேற மனங்கொள்ளவில்லை. மீட்க வேண்டிய அரசோ காலம் தாழ்த்தியது. 1885 சனவரி 26ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. கார்டன் கொல்லப்பட்டார், நகர மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். மீட்புப் படகுகள் இரண்டு நாள் பிந்தி வந்து சேர்ந்தன.

பழி முழுவதையும் இதழின்மேல் ஏற்றுதல் முறையன்று. அரசின் தடுமாற்றமும் தளபதியின் விடாப்பிடியும் பெருங்கரணியங்கள். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்கேரியச் செய்தியில், சென்று கண்டவர் பலர் சான்று பகர்ந்தனர். கடற்படைச் செய்தியில், கப்பல்கள் எண்ணப்பெற்றன. கார்த்தூம் செய்தியில் இருந்தது ஒரே ஒருவரின் கருத்து! அவர் வீரர், நல்லவர், முன்னர்ச் சூடானை ஆண்டவருங்கூட. என்றாலும் அவர் ஒருவரே. அன்று கார்த்தூம் தெருவில் நடந்தது என்ன என்பதை அறிந்து கூறும் இரண்டாம் வாய் அங்கு இல்லை. ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே கொள்ளவேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகையார் அறிவுறுத்துகின்றார். அரசர்க்குச் சொன்ன அவ்வறம் இதழாளர்க்கும் பொருந்தும். தார்லிங்டனில் பிழை எழுதியிருந்தால் மறுநாளே ஒருவர் வந்து திருத்தியிருப்பார். கார்த்தூம் மக்களுள் எவர் இலண்டன் அலுவலக வாயிலுக்கு வந்து நின்றிருக்க இயலும்?

சட்டமும் சிறையும்

1885ஆம் ஆண்டே அவர் வாழ்வின் உச்சம். இழுக்கும் அதனுள்ளேயே உளது. அந்நாளில் ஆங்கில நாட்டுச் சட்டம் பெண்குழந்தைக்குத் தந்த காப்பு பதின்மூன்றாம் அகவையோடு முடிந்தது. ஏழைக் குடும்பத்துச் சிறுமியர் விலைக்கு வாங்கப்பட்டு இழிதொழிலில் தள்ளப்படுவதைத் தடுக்கச் சட்டமுன்வடிவு ஒன்று மீண்டும் மீண்டும் பாராளுமன்றத்துக்கு வந்தது. மீண்டும் மீண்டும் கிடப்பிற் போடப்பட்டது. பெரிய மாந்தர்க்கு அதனினும் பெரிய வேலைகள் இருந்தனவாம்!

சோசபின் பட்லர் முதலிய தொண்டர்கள் இசுடெட்டின் துணையை நாடினர். நான்கு கிழமை தாமே இலண்டனின் இருண்ட தெருக்களில் நுழைந்து ஆராய்ந்தார். 1885 சூலை 6ஆம் நாள் தொடங்கித் தொடர்கட்டுரை வெளிவந்தது. தொடர்வண்டி நிலையக் கடைகளை நடத்திய பெருநிறுவனம் இதழை விற்க மறுத்தது. தெருச் சிறுவரும் மீட்புப்படைத் தொண்டரும் கூவி விற்றனர். அலுவலக வாயிலில் மக்கள் கடல் திரண்டது. சூலை 9ஆம் நாள் மக்களவை அச்சட்ட ஆய்வை மீண்டும் தொடங்கியது. ஆகத்து 14ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. காப்பு அகவை பதின்மூன்றிலிருந்து பதினாறாயிற்று. 'பதின்மூன்று' என்னும் ஒற்றைச் சொல்லின் இடத்தில் 'பதினாறு' என்னும் சொல் ஏறியதால் காக்கப்பெற்ற குழந்தைகள் எத்தனை பேர்! கொள்கை எனப்படுவது இதுதான். ஏட்டில் ஓர் எண். தெருவில் ஓர் உயிர்.

ஆனால், சிறுமியை விலைக்கு வாங்க இயலும் என்று மெய்ப்பிப்பதற்கு அவர் கையாண்ட வழி குற்றமுடையது. இடைப்பட்டவர் துணையுடன் பதின்மூன்று அகவைச் சிறுமி ஒருத்தியை ஐந்து பவுண்டுக்கு வாங்கச் செய்தார். பின்னர் அவளைப் பிரான்சு நாட்டில் மீட்புப்படையினரின் காப்பில் வைத்தார். அவர் நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றும் அறியாத அக்குழந்தை அச்சத்துக்கும் மருத்துவ ஆய்வுக்கும் ஆளாக்கப்பட்டாள். வீட்டு வேலைக்கென்றே மகளை அனுப்பியதாகத் தாய் கூறினாள். தந்தையிடம் எவரும் கேட்கவே இல்லை. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள் இசுடெட்டுக்கு மூன்று மாதச் சிறை விதிக்கப்பெற்றது. பின்னாளில் ஆண்டுதோறும் அந்நாளில் சிறையுடையை எடுத்து உடுத்திக்கொள்வார். அதனை அவர் பெருமையின் அடையாளமாகக் கொண்டார்.

பெருமை ஒருபுறம் இருக்க. அக்குடும்பம் தார்லிங்டனில் தம் தெருவில் வாழ்ந்திருந்தால், அத்தந்தையை நாள்தோறும் காண நேர்ந்திருந்தால், அவர் இவ்வழியைத் தேர்ந்திருப்பாரா? ஏழைச் சிறுமியரைக் காக்கப் புறப்பட்டவரே, ஓர் ஏழைச் சிறுமியைச் சான்றுப் பொருளாக்கிவிட்டார். பெருங்கொள்கையில் கண் வைத்தவர்க்குச் சிற்றுயிர் மறைந்துவிடும் நொடி அது. மேலே ஏறுவோர்க்கு நேரும் பேரிடர் இதுவே.

மற்றொன்றும் உளது. அச்சட்டம் விரைந்து நிறைவேறிய அவையில், இறுதிநேரத்தில் 11ஆம் பிரிவு என ஒன்று செருகப்பெற்றது. சிறுமியர் காப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆடவர் இருவரிடைப்பட்ட தனி உறவைக் குற்றமாக்கிய அப்பிரிவே 1895இல் எழுத்தாளர் ஆசுக்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பிற்று. ஒரு சட்டம் வேண்டுமென்று முழங்கியவர், அச்சட்டத்தின் கடைசி வரி வரை விழித்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எஞ்சிய ஆண்டுகள்

சிறை மீண்டபின் 1886இல் இதழ்களின் வழி நடக்கும் ஆட்சி என்பது பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பாராளுமன்றம் சில ஆண்டுக்கு ஒருமுறையே மக்களைக் கேட்கின்றது. இதழோ நாள்தோறும் கேட்கின்றது என்பது அவர் கருத்தின் சாரம். வட்டாரந்தோறும் மக்கள் கருத்தை அறிந்து விடுக்கும் ஆட்கள் இதழுக்கு வேண்டும் என்றும் அவ்வாண்டிலேயே எழுதினார். தலைநகர் இதழ் ஊரை மறந்தால் அதன் குரல் வெறுங்குரலாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே இதனைக் கொள்ளலாம்.

1890இல் பால் மால் இதழை விட்டு நீங்கி, 'இரிவியூ ஆவ் இரிவியூசு' என்னும் திங்களிதழைக் கண்டார். இறந்தோர் ஆவியுடன் பேசலாம் என்னும் நம்பிக்கையில் சில ஆண்டுகள் மூழ்கித் தம் பெயரைத் தாமே தேய்த்துக்கொண்டதும் உண்டு. ஆனால் 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் மக்களுக்கும் ஆங்கில அரசுக்கும் போர் மூண்டபோது, நாடே போர்வெறியில் ஆர்ப்பரிக்க, இவர் எதிர்த்து நின்றார். நெடுநாள் நண்பர் செசில் உரோட்சுடன் பிணங்கினார், படிப்போரை இழந்தார், பொருளை இழந்தார். அங்கு முள்வேலி முகாம்களில் பெண்டிரும் குழந்தைகளும் மடிந்தனர். எமிலி ஆபவுசு அம்மையார் நேரிற் சென்று கண்டு 1901இல் அக்கொடுமையை வெளியிட்டபோது, இசுடெட்டு சொன்னவை எள்ளத்தக்கவை அல்ல என்பது தெளிவாயிற்று.

1912 ஏப்பிரலில், அமைதி மாநாட்டில் உரையாற்ற நியூயார்க்கு நோக்கித் 'தைத்தானிக்' கப்பலில் ஏறினார். 2,200 பேர் அளவினர் சென்ற கப்பலில் இருந்தவை 20 படகுகளே. அவை ஏறத்தாழ 1,180 பேர்க்கே இடந்தருவன. 15ஆம் நாள் விடியலுக்கு முன் கப்பல் மூழ்கியது. இசுடெட்டும் அதனுடன் மறைந்தார். பெருங்கப்பல்களில் போதிய படகுகள் இல்லை என்பதை வைத்து 1886இலேயே கதை எழுதி எச்சரித்தவர் அவர்!

இளையோர்க்கு

இவ்வாழ்க்கை இளைய இதழாளர்க்குக் கூறுவது என்ன?

முதலாவது: ஊர்ச் செய்தியும் நாட்டுக் கொள்கையும் ஒரே கயிற்றின் இரு முனைகள். பள்ளிக் கூரை ஒழுகுகின்றது என்று எழுதியவுடன் வேலை முடிவதில்லை. பழுது பார்க்கும் தொகை யார் கையில் உளது? கேட்டு எழுதிய மடல் எந்த அலுவலகத்தில் எத்தனை மாதமாகக் கிடக்கின்றது? தொகையே ஒதுக்கப்படவில்லையா, ஒதுக்கியும் வரவில்லையா? இவ்வாறு கயிற்றைப் பற்றி மேலே மேலே சென்றால், வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரியில் போய் முட்டும். அவ்வரியை எழுதுவோனே கொள்கை எழுதுவோன். தலைநகருக்குக் குடிபெயர்வதனால் ஒருவன் அத்தகுதி பெறுவதில்லை.

இரண்டாவது: கண்டது, கேட்டது, கருதியது ஆகிய மூன்றையும் கலவாது எழுதுக. கண்டதைக் கண்டேன் என்க. கேட்டதை யாரிடம் கேட்டது என்க. அதனையும் மற்றொருவரிடம் கேட்டு ஒப்பிடுக. கருத்தை இறுதியில் வைக்க. ஒருவர் சொல்லை மட்டும் நம்பி ஓர் அரசை ஓட வைத்தால், ஓடும் வழியில் மிதிபடுவோர் எளியோரே.

மூன்றாவது: ஒரு கோரிக்கையை எழுப்புமுன், 'இது பிழையாயின் யார் துன்புறுவர்?' என்று தன்னையே கேட்டுக்கொள்க. அத்துன்பம் எழுதுவோன் தலையில் விழாது, காணாத ஊரில் காணாத ஒருவர் தலையில் விழும் என்றால், இருமடங்கு ஆராய்க. கைப்பேசியில் நொடிப்பொழுதில் உலகம் முழுதும் முழங்க இயலும் இந்நாளில், இக்கேள்வி இன்னும் பெரிதாகின்றது.

நான்காவது: சட்டம் வந்ததும் வெற்றி விழா எடுத்து விலகிவிடாதீர்கள். அச்சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு அதே தெருவுக்குத் திரும்பிச் செல்லுங்கள். எண் மாறியது, வாழ்வு மாறியதா என்று பாருங்கள். மாறவில்லை எனில், மீண்டும் எழுதுங்கள். வெளியூர் இதழாளர் அங்கே திரும்பி வரப்போவதில்லை. அவ்வூர் எழுத்தாளரே வரல் வேண்டும்.

இளவல்களே! தங்கையரே! இசுடெட்டுக்கு இலண்டனில் தேம்சு ஆற்றங்கரையில் வெண்கல நினைவுச் சின்னம் உண்டு, நியூயார்க்கிலும் உண்டு. ஆனால் அவரது வாழ்வின் மெய்யான அளவுகோல் தார்லிங்டனில் குதிரை கட்டிய அந்தக் கல்லே. அக்கல்லை நினைவில் வைத்து எழுதியபோதெல்லாம் அவர் வென்றார். மறந்தபோதெல்லாம் பிறர் துன்புற்றனர். உங்கள் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய கல்லொன்று உங்கள் ஊர்த் தெருவில் உளது. எத்துணை உயரத்துக்கு ஏறினும் அதனை மறவாதீர். நாட்டை எழுதுக, ஊரில் நின்று எழுதுக!